ஐந்து கட்டைக்கும் மூன்று கட்டைக்கும் நடுவே

அக்காவை ஊருக்கு அனுப்பிவிடலாம் என்று பெரியப்பா சொன்னபோது அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. தண்ணீரை மட்டும் தேவைக்கு மேல் மாற்றி மாற்றி ஊற்றினாள்.

ஐம்பதுகளின் பிற்பாதி. கம்போங் கப்பூர் ரோட்டில் பெரியப்பாவுக்குச் சைக்கிள் கடை இருந்தது. மாடியில் அவரும் பெரியம்மாவும் நாங்களும் இருந்தோம். அப்பாவும் அம்மாவும் ஜப்பான்காரன் காலத்திலேயே போய்விட்டதால் அக்காவையும் என்னையும் வளர்த்தது அவர்தான். அக்காவுக்குக் கல்யாணம் செய்து வைத்தவரும் அவர். கணவர் துறைமுகத்தில் குமாஸ்தா. நெஞ்சுநோய் வந்து அவர் இறந்ததும் அவளைத் திரும்ப மாடிக்கு அழைத்து வந்தவரும் பெரியப்பாதான்.

ஊர் என்பது கடல் தாண்டித் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமம். அக்கா அதைப் பார்த்ததே இல்லை. தம்பி பெண்டாட்டி தன் வீட்டில் இருப்பதுதான் முறை என்று அங்கே இருந்த அவள் கணவரின் அண்ணன் ஆள் மூலம் சொல்லி அனுப்பிக்கொண்டே இருந்தார். பெரியப்பா ஓராண்டு தட்டிக்கழித்தார். பிறகு சொல்லிவிட்டார்:

"ரேடியோவுல உன்னைப் பாட்டுக்கு எடுத்துக்கிட்டாங்கன்னா இங்கேயே இரும்மா. யாரும் ஒண்ணும் பேச முடியாது. இல்லேன்னா அடுத்த கப்பல். நானும் எத்தனை நாளைக்கு அந்த மனுஷனுக்குப் பதில் சொல்றது?"

அன்று சாயங்காலம் மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது அக்கா என்னிடம் கேட்டாள்: "அந்த வீட்டுல பாட விடுவாங்களாடா?"

"தெரியலக்கா."

"பாட வேணாம். சத்தமாப் பேச விடுவாங்களா?"

நான் கொடியில் மிச்சமிருந்த துணிகளை உருவினேன். அவளுக்கு வயது இருபத்தாறு.

வானொலி நிலையத்தில் குரல் தேர்வை அவள் ஏற்கெனவே முடித்திருந்தாள். மிச்சம் இருந்தது ஒன்றுதான். பாண்டு வாத்தியக் குழுவோடு ஒரு பாட்டை நேரடி ஒலிபரப்பில் பாட வேண்டும். அதைக் கேட்டுவிட்டுத்தான் தமிழ்ப் பிரிவு அதிகாரி முடிவு சொல்வார். இரண்டாம் தடவை கிடையாது என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். கண்டிப்பாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். அதனால்தான் நாங்கள் நம்பினோம்.

நான் அப்போது ஒரு தமிழ்ப் பத்திரிகையில் உதவி ஆசிரியர். பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் படித்ததால் பியானோ வாசிக்கத் தெரியும். தமிழ் நிகழ்ச்சி இருக்கும் நாள்களில் பாண்டுக்குப் பியானோ வாசிக்க என்னைக் கூப்பிடுவார்கள். ஆகவே அக்கா பாடும்போது நானும் அந்த அறையில் இருப்பேன். அது நல்லதா கெட்டதா என்று இருவருமே பேசிக்கொள்ளவில்லை.

பயத்தைப் பற்றிப் பத்திரிகையில் நான் நிறைய எழுதியிருக்கிறேன். தீ விபத்து, ஊரடங்கு, வெள்ளம் எதுவானாலும் "மக்கள் பீதியில் உறைந்தனர்" என்று போட்டு முடித்துவிடுவோம். அந்த நாள்களில் அக்காவைப் பார்த்தபோதுதான் அந்த வாக்கியம் தவறு என்று தெரிந்தது. பயந்தவர்கள் உறைவதில்லை. ஓயாமல் எதையாவது செய்துகொண்டே இருக்கிறார்கள். அக்கா மடித்த துணியை உதறித் திரும்ப மடித்தாள். நான் அச்சுக்குப் போய்விட்ட பக்கங்களைத் திரும்பப் படித்தேன்.

நடந்ததைச் சொல்வதற்கு முன் சங்கீத விஷயமாக இரண்டு சொல்லியாக வேண்டும். இரண்டும் எளிதானவை.

முதலாவது, கட்டை. நம் பாடகர்கள் சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை வரிசையாக எண்ணுவார்கள். முதல் வெள்ளை ஒரு கட்டை, அடுத்த வெள்ளை இரண்டு. நடுவில் வரும் கறுப்பு ஒன்றரை. அக்காவின் சுருதி ஐந்து கட்டை. மேல்நாட்டுக் கணக்கில் அதற்கு ஜி என்று பெயர்.

இரண்டாவது, ஒரு கார்ட், அதாவது பல சுரங்களைச் சேர்த்து ஒலிப்பது. பியானோவில் ஏதாவது ஒரு கட்டையை அழுத்துங்கள். வெள்ளை கறுப்பு பார்க்காமல் அடுத்த இரண்டை விட்டு மூன்றாவதை அழுத்துங்கள். மறுபடியும் இரண்டை விட்டு மூன்றாவது. இன்னும் ஒரு முறை. நான்கு சுரம் ஆயிற்று. நான்காவது முறை தாண்டினால் தொடங்கிய சுரமே மேல் ஸ்தாயியில் வந்துவிடும். இந்த நான்கையும் சேர்த்து ஒலித்தால் வருவதற்கு டிமினிஷ்ட் செவன்த் என்று பெயர். சினிமாவில் யாரும் தொடாமல் கதவு திறக்கும்போது வருமே, அந்தச் சத்தம்தான்.

அந்தச் சத்தம் ஏன் பயமுறுத்துகிறது என்று நான் பள்ளிக்கூடத்துப் பியானோவில் உட்கார்ந்து நிறைய யோசித்திருக்கிறேன். மற்ற கார்டுகளில் பெரும்பாலும் படிகள் சமமாக இருக்காது. ஒன்று அகலம், ஒன்று குறுகல். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் எந்தச் சுரம் வீட்டுக்காரர், எவை விருந்தாளிகள் என்று காது கண்டுபிடிக்கிறது. இதில் எல்லாப் படிகளும் ஒரே உயரம். கீழே இருப்பதைத் தூக்கி மேலே வைத்தாலும் அதே நால்வர்தான், அதே உருவம்தான். வீட்டுக்காரர் யார் என்றே தெரியாது. எங்கே நிற்கிறோம் என்று காதுக்குத் தெரியாமல் போவதுதான் அந்தப் பயம்.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். பியானோவில் எத்தனை கட்டைகள் இருந்தாலும் சுரங்கள் பன்னிரண்டுதான். நான்கு நான்காகப் பிரித்தால் இப்படிப்பட்ட கூட்டம் மொத்தம் மூன்றே மூன்று. முதல் கூட்டத்தில் எல்லோரும் அரைச் சுரம் மேலே நகர்ந்தால் இரண்டாவது கூட்டம். மறுபடி நகர்ந்தால் மூன்றாவது. அதற்கும் மேல் நகர்ந்தால் பழைய நால்வரே இடம் மாறி உட்கார்ந்திருப்பார்கள். எந்தச் சுரமும் ஒரு கூட்டத்தில்தான் இருக்க முடியும், இரண்டில் இருக்க முடியாது.

நால்வரில் ஒருவரை மட்டும் அரைச் சுரம் கீழே இறக்கினால் பயம் போய்விடும். கார்டுக்குத் திசை கிடைத்து ஒரு குறிப்பிட்ட சுருதியை நோக்கித் திரும்பும். இறக்குவது யாரை என்பதைப் பொறுத்து அந்தச் சுருதி மாறும். ஆகவே ஒவ்வொரு கூட்டத்திலிருந்தும் நான்கு சுருதிகளுக்குப் போகலாம். அந்த நான்கு சுருதிகளுக்கும் நடுவிலும் அதே இடைவெளிதான், இரண்டை விட்டு மூன்றாவது.

இது எதற்கும் உதவும் என்று நான் நினைத்ததில்லை.

ஒலிபரப்பு மாலை ஏழு மணிக்கு. ஒத்திகை அன்று பிற்பகலில் நடந்திருக்க வேண்டும். தேர்தல் நேரம் என்பதால் யாரோ ஒரு தலைவரின் பேச்சைப் பதிவு செய்ய ஸ்டூடியோவை எடுத்துக்கொண்டார்கள். பேச்சு முடியவில்லை. நாங்கள் எல்லோரும் நடைபாதையில் நின்றோம். அக்கா வெள்ளைப் புடவையில் சுவரோரமாக நின்று சுருதிப் பெட்டியைக் கைக்குழந்தைபோல அணைத்துக்கொண்டிருந்தாள். ஆறரைக்குமேல்தான் கதவு திறந்தது. ஒத்திகை இனிக் கிடையாது.

பாண்டு மாஸ்டர் மணிலாக்காரர். பருத்த உடம்பு, சிரித்த முகம். மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசுவார், நடுநடுவே தமிழ் வரும். என்னைப் "பேப்பர்காரா" என்றுதான் கூப்பிடுவார். பாட்டுக்கு வாத்தியப் பகுதிகளை எழுதியவர் அவர். தாள்களை எல்லோருக்கும் கொடுத்தார். அவருடைய ஆள்கள் கேபரே நடன விடுதிகளில் வாசிப்பவர்கள், எந்தத் தாளைக் கொடுத்தாலும் பார்த்த மாத்திரத்தில் வாசிப்பார்கள். அதனால் ஒத்திகை இல்லை என்பது அவரைக் கலக்கவில்லை.

நான் என் தாளைப் பிரித்தேன். பிழை பார்த்துப் பழகிய கண், முதல் வரியின் ஓரத்துக்குத்தான் போகும். நான்கு ஷார்ப் குறிகள் இருந்தன. நான்கு ஷார்ப் என்றால் பாட்டின் சுருதி ஈ. நம் கணக்கில் மூன்று கட்டை.

"மாஸ்டர், எங்க அக்கா ஐஞ்சு கட்டை."

"ஆமா லா. ஐஞ்சுதானே எழுதியிருக்கேன்." அவர் பியானோ அருகே வந்து விரலால் எண்ணிக் காட்டினார். வெள்ளை ஒன்று, கறுப்பு இரண்டு, வெள்ளை மூன்று, கறுப்பு நான்கு, வெள்ளை ஐந்து. விரல் ஈ மேல் நின்றது. "ஐஞ்சு."

"கறுப்பை எண்ணக்கூடாது மாஸ்டர். அது அரை."

அவர் முகத்திலிருந்து சிரிப்பு மெதுவாக இறங்கியது. "அலாமாக்! போன தடவை அந்த ஐயா பாடினாரே, சரியா இருந்துச்சே?"

போன தடவை பாடியவருக்கு ஒரு கட்டைச் சுருதி. எந்தக் கணக்கில் எண்ணினாலும் ஒன்று ஒன்றுதான். அதனால் யாரும் மாஸ்டருக்குத் திருத்திச் சொல்ல நேரவில்லை.

"கீழ மூணுக்கு இறங்கிப் பாடச் சொல்லு," என்றார்.

"முடியாது. சரணத்துல கீழ் ஸ்தாயிக்கு, மந்திரப் பஞ்சமம் வரைக்கும் போகுது. மூணு கட்டையில வெறும் காத்துதான் வரும்."

"மேல?"

"கத்தல்தான் வரும்."

அவர் தன் ஆள்களைப் பார்த்தார். ட்ரம்பெட்காரரும் ஒரு சாக்ஸபோன்காரரும் அன்றைக்கென்று வந்த மாற்று ஆள்கள். தாளில் இருப்பதை வாசிப்பார்கள். அதைப் பார்த்துக்கொண்டே வேறு சுருதியில் வாசிக்கச் சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்கே தெரியவில்லை. கித்தாரும் பாஸும் டிரம்ஸும் அவருடைய பழைய ஆள்கள், எந்தச் சுருதிக்கும் வருவார்கள்.

"பாண்டு வாசிக்காம சும்மா உட்கார்ந்தா?" என்றேன்.

அவர் கண்ணாடிச் சுவரைக் காட்டினார். அதற்கு அந்தப் பக்கம் தமிழ்ப் பிரிவு அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். "பாண்டோட பாடறதுக்குத்தானே அந்த லேடிக்குப் பரீட்சை?"

என் உள்ளங்கை ஈரமாகிவிட்டது. கால்சட்டையில் துடைத்தேன், உடனே மறுபடி ஈரமானது. ஐந்து கட்டையும் மூன்று கட்டையும் கண்முன் இரண்டு வெள்ளைப் பற்களாக நின்றன. ஈ. நடுவில் இரண்டை விட்டால் ஜி. இரண்டை விட்டு மூன்றாவது. அப்போதுதான் புரிந்தது, இரண்டும் ஒரே கார்டிலிருந்து போகக்கூடிய சுருதிகள்.

"மாஸ்டர், பாண்டு ஈ-லயே இருக்கட்டும். அக்கா ஜி-ல பாடட்டும். அவ பாடும்போது நாங்க நாலு பேர் மட்டும் வாசிக்கிறோம். இடையிசை மட்டும் உங்களுது. நடுவுல மாத்தறதுக்கு டிமினிஷ்ட்."

அவர் ஒரு கணம் கூரையைப் பார்த்தார். "ரெண்டுக்கும் ஒரே கார்ட்?"

"ஒரே கார்ட்."

"கேபரேல நாங்க பாட்டு மாத்தும்போது செய்வோம். ஆனா அங்க எல்லாரும் குடிச்சிருப்பாங்க லா." அவர் சிரிக்க முயன்றார். "சுருதிப் பெட்டியை நிறுத்தணும். ஈ வாசிக்கும்போது அது ஜி-ல முனகினா நாறிடும்."

அதை நான் யோசிக்கவில்லை. சுருதிப் பெட்டி இல்லாமல் அக்கா பாடியதே இல்லை.

நான் வலது கையைக் கட்டைகள்மேல் வைத்துப் பார்த்தேன். கட்டைவிரல் ஏ, ஆள்காட்டி விரல் சி, மோதிர விரல் ஈக்கு அரைச் சுரம் கீழே ஈ ஃபிளாட், சுண்டுவிரல் ஜிக்கு அரைச் சுரம் கீழே எஃப் ஷார்ப். மூன்று கூட்டங்களில் இது ஒன்றுதான் எங்களுக்கு ஆகும். மற்ற இரண்டில் எதைத் தொட்டாலும் தொலைந்தோம். மோதிர விரலை அரைச் சுரம் இறக்கினால் ஜி, அக்காவிடம் போகலாம். ஆள்காட்டி விரலை இறக்கினால் ஈ, பாண்டிடம் போகலாம். மற்ற இரு விரல்களில் எது தவறி இறங்கினாலும் அந்த அறையில் யாருமே இல்லாத சுருதிக்குப் போய்ச் சேருவோம்.

அக்காவிடம் சொல்ல வேண்டும். சொல்லாமல் இருந்தால் அவள் பயப்படாமல் பாடத் தொடங்குவாள், நடுவில் விழுவாள். சொன்னால் தொடங்கும்போதே பயந்திருப்பாள். சொன்னேன். அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. சுருதிப் பெட்டியைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் நகம்வரை வெளுத்தன.

"இப்பப் போய்ச் சொல்றியேடா."

"இப்பத்தான் எனக்கே தெரியும்."

"உங்க பேப்பர்ல தப்பு வந்தா மறுநாள் திருத்தம் போடுவீங்க. இங்க யாரு போடுவா?"

"அக்கா, கேளு. நீ விருத்தம் பாடி முடிச்சதும் பெட்டியை நிறுத்திடு. பாண்டு வேற சுருதியில வாசிக்கும். அதைக் காதுல வாங்காதே. அது முடியற இடத்துல நான் ஒரு கார்ட் போடுவேன். கொஞ்சம் அசிங்கமா இருக்கும். அதோட உச்சியில கேக்கறது உன் நிஷாதம். அதைப் பிடிச்சுக்க. அங்கேருந்து ஒரு எட்டு மேல வச்சா உன் ஷட்ஜம்."

"நிஷாதம்தான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"நான் போட்டா அது நிஷாதம்தான்."

"நீ தப்பாப் போட்டா?"

நான் பதில் சொல்வதற்குள் சிவப்பு விளக்குக்குப் பக்கத்தில் நின்ற ஆள் கையைத் தூக்கினார். அக்கா மைக்குக்கு முன் போனாள். என்னைத் தாண்டும்போது, "தப்பாப் போட்டே, கப்பல்ல உன்னையும் ஏத்திட்டுப் போயிடுவேன்," என்று முணுமுணுத்தாள். விளக்கு எரிந்தது.

விருத்தம் என்பது தாளம் இல்லாமல் குரல் மட்டும் தனியாக நின்று பாடுவது. அக்காவின் குரல் முதல் வார்த்தையில் லேசாக ஆடியது. இரண்டாவது வார்த்தையில் நின்றுவிட்டது. அவளுக்குப் பின்னால் ட்ரம்பெட்காரர் ஈயில் வாசிக்க உதட்டை நனைத்துக்கொள்வதைப் பார்த்தபடி நான் அந்த ஐந்து கட்டைக் குரலைக் கேட்டேன். வரப்போவது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அவசரப்படாமல் இழைத்துப் பாடினாள். அவள் முடித்துச் சுருதிப் பெட்டியை நிறுத்தியபோது எழுந்த நிசப்தம் ஒரு நொடிகூட இருக்காது. அந்த நொடியில் என் காதில் என் ரத்தம் ஓடும் சத்தம் கேட்டது.

கார்டைப் போட்டேன். அறை தன் இடத்தை விட்டு நகர்ந்தது. ஆள்காட்டி விரல் இறங்கியது. பாண்டு ஈயில் பொங்கிக்கொண்டு வந்தது.

முதல் இடையிசை முடிந்ததும் மறுபடி அதே கார்ட். இந்த முறை மோதிர விரல். அக்கா பல்லவியை ஐந்து கட்டையில் எடுத்தாள், மிகச் சரியாக. கித்தார்காரர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். நான் புன்னகைக்கவில்லை. இன்னும் இரண்டு முறை ஈக்குப் போய் வர வேண்டியிருந்தது. ஒரு முறை சரியாக வந்ததால் பயம் குறையவில்லை. இனி இழப்பதற்கு ஒன்று இருக்கிறது என்று அது இன்னும் கூடியது.

பல்லவிக்குப் பிறகு ஈக்குத் திரும்பினோம். இரண்டாவது இடையிசை நீளமானது. மாஸ்டர் அதை அழகாக எழுதியிருந்தார், அதுதான் ஆபத்தாகிவிட்டது. வயலின்கள் மென்மையாக ஈயைச் சுற்றிச் சுற்றி வந்தன. அக்கா கண்ணை மூடியிருந்தாள். காதில் வாங்காதே என்று நான் சொல்லியிருந்தேன். எந்தப் பாடகியால் அது முடியும்? அவள் தலை வயலின்களோடு மெல்ல அசைவதைப் பார்த்தேன்.

கார்டைப் போட்டேன். ட்ரம்பெட்காரர் தன் கடைசிச் சுரத்தை ரசித்து ஒரு தட்டு அதிகமாகப் பிடித்துவிட்டார். என் சுண்டுவிரலின் எஃப் ஷார்ப் அதற்கு அடியில் அமுங்கிப்போனது. மோதிர விரலை இறக்கி ஜிக்கு வந்தேன். அக்கா சரணத்தை ஈயில் எடுத்தாள்.

இரண்டு சுருதிகளும் ஒன்றோடொன்று மோதின. மோதியது ஒரே ஒரு சொல் அளவுக்குத்தான். மாஸ்டரின் கை காற்றில் நின்றது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதிகாரி குனிந்திருந்த தலையைத் தூக்கினார். நான் யோசிக்கவில்லை. கை தானாகவே கார்டுக்குத் திரும்பி, ஆள்காட்டி விரலை இறக்கி, அவள் இருந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கித்தாரும் பாஸும் என் பின்னால் ஓடி வந்தார்கள்.

இப்போது எல்லோரும் மூன்று கட்டையில் இருந்தோம். கேட்பவர்களுக்கு எல்லாம் சரியாகிவிட்டதாகவே தோன்றியிருக்கும். ஆனால் அடுத்த வரியில் மந்திரப் பஞ்சமம் காத்திருந்தது. மூன்று கட்டையில் அந்த இடம் அவள் தொண்டையில் இல்லை. ஒரு வரி பாக்கி இருந்தது. அவளும் தெரிந்துகொண்டுவிட்டாள் என்பது குரலிலேயே தெரிந்தது. இருட்டில் மாடிப்படி தேடுகிறவர் காலை வைப்பதுபோல ஒவ்வொரு சுரத்தையும் தொட்டுத் தொட்டுப் போனாள்.

வரியின் முடிவில் ஷட்ஜத்தில் குரலை நிறுத்திப் பிடிக்கும் ஒரு நீண்ட கார்வை உண்டு. அவள் அதைப் பிடித்தாள். அதற்கு அடியில் நான் கார்டைப் போட்டேன், மெதுவாக அல்ல. அவளுடைய ஈயோடு அது உரசியது. கேட்கவே கூசியது. சுண்டுவிரலை மட்டும் எடுத்து எடுத்துத் தட்டினேன். எஃப் ஷார்ப். எஃப் ஷார்ப். எஃப் ஷார்ப்.

அவள் கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்க்கவில்லை. மைக்கையும் பார்க்கவில்லை. குரல் விடாமல், மூச்சு விடாமல், பிடித்திருந்த சுரத்திலிருந்து மேலே இழைந்தாள். எஃப் ஷார்ப்பைத் தொட்டு அங்கேயே நின்றாள். அந்த இடத்தில் அவளுக்குக் கீழே எந்தச் சுருதியும் இல்லை. நான்கு பக்கமும் போகலாம், எந்தப் பக்கமும் போகாமலும் இருக்கலாம். மோதிர விரல் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. மரத்துப்போயிருந்தது. குனிந்து கண்ணால் பார்த்துத்தான் அதை இறக்கினேன். அவள் ஒரு எட்டு மேலே வைத்தாள். ஐந்து கட்டை.

மந்திரப் பஞ்சமம் வந்தபோது தெளிவாகக் கேட்டது. இன்னொரு இடையிசையும் கடைசிப் பல்லவியும் இருந்தன. அவற்றில் எனக்கு ஒன்றும் நினைவில்லை.

விளக்கு அணைந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. மாஸ்டர்தான் முதலில் பேசினார். "லேடி, நடுவுல நீங்க எங்க போனீங்க? நான் போலீசைக் கூப்பிடலாம்னு பார்த்தேன்." ட்ரம்பெட்காரர் என்ன நடந்தது என்று தெரியாமல் வாத்தியத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி கதவைத் திறந்துகொண்டு வந்தார். ஒல்லியான, நிதானமான மனிதர். "சரணத்துல சுருதி மாறி மறுபடி வந்துச்சே. அது வேணும்னே செஞ்சதா?"

நான் வாயைத் திறந்தேன். அக்கா முந்திக்கொண்டாள். "ஆமாங்க."

அவர் அவளையே பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். நான் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். "ம். அடுத்த மாசமும் வாங்க. பார்ப்போம்."

"வேலை..." என்று அக்கா தொடங்கினாள்.

"பார்ப்போம்மா," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சிராங்கூன் ரோட்டுக்குப் பஸ் ஏறினோம். எனக்கு அடுத்த பயம் தொடங்கியிருந்தது. பெரியப்பா வைத்த நிபந்தனை வேலை. கிடைத்திருப்பது அடுத்த மாதம். அது போதுமா? பெரியப்பா சொன்ன சொல்லை மாற்றுகிறவர் அல்ல. அக்காவும் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள் என்பது இறங்கும்போது தெரிந்தது.

"வேலை கிடைச்சிருச்சுன்னு சொல்லிடலாமாடா?"

"அக்கா, இன்னிக்கு ஒரு பொய் சொல்லிட்டே."

"அது அவர்கிட்ட. பெரியப்பாகிட்ட எனக்கு வராது."

கடை திறந்தே இருந்தது. வழக்கமாக அந்த நேரத்துக்குக் கடையை மூடிப் பலகை போட்டிருப்பார். ரேடியோவை மாடியிலிருந்து கீழே கொண்டு வந்து, காற்றடிக்கும் பம்புக்குப் பக்கத்தில் ஒரு முக்காலிமேல் வைத்திருந்தார். அது அணைந்திருந்தது. அதற்கு எதிரே ஒரு சைக்கிள் சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"நடுவுல என்னம்மா ஆச்சு?" என்றார்.

பெரியப்பாவுக்குச் சங்கீதம் தெரியாது. சுருதிக்கும் தாளத்துக்கும் வித்தியாசம் கேட்டால் சொல்ல மாட்டார்.

"என்ன பெரியப்பா?"

"ஒரு இடத்துல நீ காணாமப் போயிட்டே. குரல் கேக்குது, ஆனா நீ இல்ல. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல." சக்கரத்தின் கம்பிகளைப் பிடித்திருந்த அவர் விரல்களைப் பார்த்தேன். கிரீஸ் கறைக்கு அடியில் அவையும் வெளுத்திருந்தன. "போச்சு, புள்ளையக் கப்பல் ஏத்தணும்னு நெனச்சுட்டேன்."

அனுப்புவதாகச் சொன்னவர் அவர். அவர் பயப்படுவார் என்று எங்கள் இருவருக்குமே தோன்றியதில்லை.

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அடுத்த மாசம் வரச் சொன்னாங்க. வேலைன்னு சொல்லல."

அவர் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். அது சுழன்று நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அடுத்த மாசம் வரைக்கும் அந்த மனுஷனுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்," என்றார். எழுந்து பலகைகளை எடுத்துப் போடத் தொடங்கினார்.

அடுத்த மாதம் மாஸ்டர் கட்டையைச் சரியாக எண்ணி எழுதினார். அதற்கு அடுத்த மாதமும் அக்காவை அழைத்தார்கள். அதற்கு அடுத்த மாதமும். ஒவ்வொரு முறையும் அந்த அதிகாரி "பார்ப்போம்" என்றுதான் சொன்னார். அவர் மாறி வேறொருவர் வந்த பிறகும், வெள்ளைக்காரன் கொடி இறங்கிய பிறகும், அறுபதுகள் முழுக்கவும் அக்கா அங்கே பாடினாள். வேலை என்று யாரும் சொல்லவே இல்லை. கப்பல் என்றும் பெரியப்பா மறுபடி சொல்லவில்லை.

நிகழ்ச்சி இருக்கும் நாளில் காலையிலிருந்து அக்காவுக்குச் சோறு இறங்காது. பெரியம்மா இரண்டு தட்டுகளை மூடி வைப்பார். ஒன்று அக்காவுக்கு, ஒன்று பெரியப்பாவுக்கு.